பைஇன்ஸ்டாலர் ஸ்பிளாஷ் திரை: செட்டிநாட்டுக் கடை பில்லிங்குக்கு எவ்வளவு உதவும்?

பலகாரக் கடையோ, கண்டாங்கிச் சேலைக் கடையோ, காலையில் கல்லாவில் உட்கார்ந்ததும் பில்லிங் ஐகானை டபுள் கிளிக் செய்வதுதான் முதல் வேலை. செய்த பிறகு நாலைந்து விநாடி திரை சும்மா கிடந்தால் கை தானாக மறுபடி கிளிக் செய்யும். அதற்கும் அசையவில்லை என்றால் இன்னொரு தடவை. கடைசியில் ஒரே நிரல் மூன்று முறை திறந்து நிற்கும். முதலில் திறந்தது, எடைத் தராசு கணினியோடு இணையும் வாயிலான காம் போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் 'அக்சஸ் டினைடு' (அனுமதி இல்லை) என்று சொல்லி நிற்கும். பில் எண்ணைத் தரவுதளத்தில் பூட்டாமல் நினைவகத்திலேயே கூட்டிக்கொண்டு போகும் நிரல் என்றால், ஒரே எண்ணில் இரண்டு பில் அச்சாகி, மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு எடுக்கும்போது சிக்கல் தெரியவரும்.

நிரல் தயாராகும் வரை திரையில் காட்டும் படம்தான் ஸ்பிளாஷ் திரை. அதை அழகுக்கு வைப்பதில்லை. அந்த இரண்டாவது கிளிக்கைத் தடுக்க வைப்பது. அதனால் பைத்தான் நிரல்களை விண்டோஸ் இ.எக்ஸ்.இ. ஆக்கித் தரும் பைஇன்ஸ்டாலரில் இருக்கும் ஸ்பிளாஷ் வசதியை இரண்டே கேள்வியில் எடை போட்டிருக்கிறோம். எவ்வளவு சீக்கிரம் தோன்றுகிறது? போக வேண்டிய நேரத்தில் போகிறதா? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடைகளுக்கும், புதுவயல் அரிசி ஆலை எடைமேடைகளுக்கும், ஆத்தங்குடிக் கல் பட்டறைகளுக்கும் பைத்தானில் மென்பொருள் எழுதித் தருபவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் கேள்விக்கு நல்ல மதிப்பெண்ணே தரலாம். காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. ஒற்றைக் கோப்பாகக் கட்டிய இ.எக்ஸ்.இ.யைத் திறந்தால் முதலில் ஓடுவது பைத்தான் அல்ல, சி மொழியில் எழுதிய பூட்லோடர் என்ற சிறு தொடக்க நிரல். அது டெம்ப் கோப்புறையில் '_எம்இஐ' என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்புறை போட்டு, உள்ளே அடைத்திருக்கும் டிஎல்எல்கள், மாட்யூல்கள் எல்லாவற்றையும் பிரித்து வைக்கும். அது முடிந்த பிறகுதான் பைத்தான் எழும்பும், உங்கள் நிரலின் முதல் வரி ஓடும். நேரம் அதிகம் போவது பெரும்பாலும் இந்தப் பிரித்து வைக்கும் கட்டத்திலும், அடுத்து மாட்யூல்களை ஏற்றும் இம்போர்ட் கட்டத்திலும்தான். பைஇன்ஸ்டாலர் ஸ்பிளாஷைக் காட்டுவது அந்தப் பூட்லோடரே. விண்டோ வரையும் டிசிஎல்/டிகே நூலகத்தை மட்டும் முதலில் எடுத்து, படத்தைத் திரையில் போட்டுவிட்டு, மற்றதை அப்புறம் பிரிக்கிறது.

விண்டோக்கள் செய்ய உதவும் பைக்யூட்டி போன்ற நூலகங்களில் இருக்கும் க்யூஸ்பிளாஷ்ஸ்கிரீனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அது தோன்ற வேண்டுமென்றால் கோப்புகள் எல்லாம் பிரிந்து, பைத்தான் எழும்பி, க்யூட்டி மாட்யூல்கள் ஏறியிருக்க வேண்டும். கஷ்டமான பாதி வழியைத் தாண்டிய பிறகு வந்து 'சற்றுப் பொறுங்கள்' என்கிறது. டிகேயைப் பைத்தானில் பயன்படுத்தும் டிகிண்டரில் மெயின் விண்டோவை மறைத்து, ஓரமில்லாத ஒரு டாப்லெவல் விண்டோவில் படம் காட்டும் பழைய முறைக்கும் இதே குறைதான்.

ஆனால் ஒன்று. பூட்லோடர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஆன்டிவைரஸ் அந்த இ.எக்ஸ்.இ.யை முழுதாகச் சோதித்தால், அந்த நேரத்துக்கு எந்த ஸ்பிளாஷும் வராது. 150 எம்பி ஒற்றைக் கோப்பு, பழைய ஹார்ட் டிஸ்க் கணினி என்றால் அந்த மௌனம் நன்றாகவே தெரியும். இதற்கு மருந்து ஸ்பிளாஷ் அல்ல, கோப்புறையாகக் கட்டித் தருவது. ஒன்-டிர் எனும் இந்தக் கோப்புறை முறையில் கட்டினால் ஒவ்வொரு முறையும் பிரிக்கும் வேலையே கிடையாது. பென் டிரைவில் ஒரே கோப்பாகக் கொண்டுபோய்ப் போடலாம் என்பதற்காகவே ஒற்றைக் கோப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள், தினமும் கடை திறக்கும்போது அதற்கான விலையைக் கடைக்காரர் கொடுக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் கணினி அப்படியே நின்றால், டெம்ப்பில் இருக்கும் அந்த '_எம்இஐ' கோப்புறையை யாரும் அழிக்க மாட்டார்கள். அடுத்த முறை புதிதாக ஒன்று உருவாகும். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன கடையில் கொஞ்ச காலத்தில் டெம்ப் கோப்புறை ஜிகாபைட் கணக்கில் வீங்கிவிடும். கோப்புறையாகக் கட்டி, ஒரு இன்ஸ்டாலரில் போட்டு, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துக் கொடுங்கள். ஸ்பிளாஷ் இரண்டு முறையிலும் வேலை செய்யும்.

சேர்ப்பது எளிது. கட்டும் கட்டளையில் '--ஸ்பிளாஷ்' என்று கொடுத்துப் படத்தின் பெயரை எழுதினால் போதும். படம் இ.எக்ஸ்.இ.க்குள்ளேயே போய்விடும், தனியாக அனுப்ப வேண்டியதில்லை. முதல் முறை கட்டும்போது உருவாகும், கட்டும் விவரங்கள் கொண்ட ஸ்பெக் கோப்பில் 'ஸ்பிளாஷ்' என்று ஒரு பகுதி வந்திருக்கும். நுணுக்கமான மாற்றங்கள் எல்லாம் அங்கேதான். ஏற்கெனவே ஸ்பெக் கோப்பு வைத்துக் கட்டுகிறவர்கள் கட்டளை வரியில் '--ஸ்பிளாஷ்' சேர்த்தால் ஏற்காது. ஸ்பெக்கிலேயே கையால் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பலர் தவறவிடும் இடம்: ஒற்றைக் கோப்பு என்றால் ஸ்பிளாஷ் பொருளையும் அதன் பைனரிகளையும் 'இஎக்ஸ்இ' பகுதியிலேயே சேர்க்க வேண்டும். கோப்புறை என்றால் ஸ்பிளாஷ் மட்டும் 'இஎக்ஸ்இ'யில், பைனரிகள் 'கலெக்ட்' பகுதியில். கட்டும் கணினியில் பைத்தானை நிறுவும்போது டிசிஎல்/டிகே பெட்டியில் டிக்கை எடுத்திருந்தால் ஸ்பிளாஷ் கட்ட முடியாது. நிறுவியை மறுபடி ஓட்டி, 'மாடிஃபை' போய் அந்த டிக்கைப் போட்டால் சரியாகும்.

படத்துக்கு வருவோம். பிஎன்ஜி கொடுப்பது நல்லது; வேறு வடிவம் என்றால் கட்டும் கணினியில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகம் இருக்க வேண்டும். இயல்பான எல்லை 760 × 480 பிக்சல். அதைத் தாண்டினால் விகிதம் மாறாமல் சுருக்கிவிடும், சுருங்கும்போது சிறிய எழுத்து மங்கும். கடைகளில் இன்னும் 1366 × 768 திரைகள் நிறைய இருப்பதால் 600 × 350 அளவில் படத்தைச் செய்வதே உத்தமம். வட்ட மூலை, நிழல், பாதி ஒளி ஊடுருவும் ஓரம் எல்லாம் வேண்டாம். விண்டோஸில் டிகே முழுதும் ஒளி ஊடுருவும் பிக்சலை மட்டுமே ஒழுங்காகக் காட்டும். பாதி ஊடுருவும் பிக்சல்கள் ஓரத்தில் வேண்டாத நிறத்தில் பிசிறடிக்கும். நேர் மூலை கொண்ட செவ்வகம்தான் பத்திரம்.

பின்னணிக்கு ஆத்தங்குடிக் கல்லின் பூ டிசைனைப் படம் முழுக்கப் பரப்ப ஆசை வரும். பரப்பலாம், ஆனால் கீழ் ஓரத்தில் 60 பிக்சல் உயரத்துக்கு ஒரே நிறப் பட்டை விடுங்கள். நிலைமையைச் சொல்லும் வரி அங்கேதான் ஓடப்போகிறது. பூவின் மேல் எழுத்து ஓடினால் கல்லாவில் இருப்பவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

கடைப் பெயர் தமிழில் இருந்தால் அதைப் படத்திலேயே வைத்துவிடுங்கள். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானிலேயே பில்லோ கொண்டு பெயரை வரைந்தால், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் என்ற நூலகம் சேராத கணினியில் கொம்பு இடம் மாறும். 'செட்டிநாடு' என்பதில் முதல் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப்பில் எழுதி பிஎன்ஜியாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபிளெக்ஸ் போர்டு அடித்த கடையிலிருந்து லோகோ வாங்குகிறீர்கள் என்றால், எழுத்துகளைக் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றிய கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். அங்கெல்லாம் யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. கர்வ் ஆக்காத கோப்பை உங்கள் கணினியில் திறந்தால் கடைப் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும்.

நிலைமை வரி இயல்பாக அணைந்தே இருக்கும். ஸ்பெக்கில் 'டெக்ஸ்ட்_பாஸ்' என்ற இடத்தில் எக்ஸ், ஒய் எண்களைக் கொடுத்தால்தான் வரும். அளவு எடுப்பது படத்தின் மேல் இடது மூலையிலிருந்து. ஆனால் கொடுக்கும் புள்ளி எழுத்தின் கீழ் இடது மூலை. 350 உயரப் படத்துக்கு 20, 330 கொடுத்தால் கீழ்ப் பட்டையில் சரியாக உட்காரும். இதில் நமக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று. ஒற்றைக் கோப்பு முறையில் இந்த வரியை இயக்கினால், பிரியும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அங்கே சரசரவென்று ஓடும். நிரல் எழுதுகிறவருக்கு அது தகவல். பலகாரக் கடை கல்லாவில் இருப்பவருக்கு வைரஸ் வந்துவிட்டது போலத் தோன்றும், கடைக்காரரிடமிருந்து போன் வரும். கோப்புறை முறையில் இது இல்லை. 'இனிஷியலைசிங்' என்ற இயல்பான சொல் இருக்கும், அதையும் 'டெக்ஸ்ட்_டிஃபால்ட்' வழியாக மாற்றிக்கொள்ளலாம்.

நிரலுக்குள்ளிருந்து ஸ்பிளாஷோடு பேச 'பிஒய்ஐ_ஸ்பிளாஷ்' என்ற மாட்யூல் இருக்கிறது. 'அப்டேட்_டெக்ஸ்ட்' வரியை மாற்றும், 'க்ளோஸ்' மூடும். இந்த மாட்யூல் கட்டிய இ.எக்ஸ்.இ.க்குள் மட்டும்தான் உண்டு. மூல நிரலை நேரடியாக ஓட்டினால் இம்போர்ட் எரர் வரும். அதனால் இம்போர்ட்டை ட்ரை, எக்செப்ட்டுக்குள் வைத்து, இல்லையென்றால் ஒன்றும் செய்யாத ஒரு மாற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி: போக வேண்டிய நேரத்தில் போகிறதா? இங்கேதான் இந்த வசதி நம்மைப் பாடுபடுத்துகிறது. அது தானாக மூடாது. 'க்ளோஸ்' சொல்லும் வரை, அல்லது நிரலே முடியும் வரை, திரை நடுவில் நிற்கும். 'ஆல்வேஸ்_ஆன்_டாப்' இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால் மற்ற எல்லா விண்டோவுக்கும் மேலே நிற்கும். இப்போது தரவுதளம் கிடைக்கவில்லை, நிரல் ஒரு பிழைப் பெட்டியைக் காட்டி 'ஓகே'க்காகக் காத்திருக்கிறது என்று வையுங்கள். பிழைப் பெட்டி வருவதும் திரை நடுவில், ஸ்பிளாஷுக்கு நேர் பின்னால். கல்லாவில் தெரிவது நகராத படம் மட்டும். "அண்ணே, சிஸ்டம் ஸ்டக் ஆயிருச்சு" என்று பவர் பட்டனை அமுக்குவார்கள். பின்னால் இருந்த பெட்டி 'சர்வர் கணினியை ஆன் செய்யவும்' என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே முறை இதுதான்: எந்தப் பெட்டியைக் காட்டுவதற்கு முன்பும் ஸ்பிளாஷை மூடு. பிழைப் பெட்டி, லாகின், லைசென்ஸ் நினைவூட்டல், எதுவானாலும். பிழை காட்டும் ஒரே ஃபங்ஷனை எழுதி, அதன் முதல் வரியாக 'க்ளோஸ்' வைத்துவிட்டால் மறக்க வழியில்லை. ஸ்பெக்கில் 'ஆல்வேஸ்_ஆன்_டாப்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுவதும் நல்லது. மெயின் விண்டோவைப் பொறுத்தவரை, அது வரைந்து முடிந்த பிறகு மூடுங்கள். டிகிண்டரில் 'ஆஃப்டர்' வைத்தும், க்யூட்டியில் 'சிங்கிள்ஷாட்' டைமரில் பூஜ்யம் கொடுத்தும், ஈவண்ட் லூப் ஓடத் தொடங்கிய பின் மூடச் சொன்னால் இடையில் வெற்றுத் திரை தெரியாது.

ஸ்பிளாஷ் அதிக நேரம் நிற்பதற்கு நம் பக்கம் வழக்கமான காரணங்கள் மூன்று, நான்கு உண்டு. ஸ்பிளாஷைக் குறை சொல்வதற்கு முன் அவற்றைப் பாருங்கள்.

எடைத் தராசு முதலாவது. காம் போர்ட்டைப் படிக்க உதவும் பைசீரியல் நூலகத்தில் டைம்அவுட் (காத்திருக்கும் எல்லை) கொடுக்காமல் போர்ட்டைத் திறந்தால் இயல்பு மதிப்பு 'நன்'. அதாவது படிக்கச் சொன்னால் தரவு வரும் வரை காலவரையின்றி நிற்கும். தராசு ஆன் ஆகாத காலையில் நிரல் ஸ்பிளாஷிலேயே உறைந்துவிடும். புதுவயல் எடைமேடை நிரல்களுக்கும் இதே கதைதான். டைம்அவுட்டை 1 விநாடி வையுங்கள். அதைவிட நல்லது, தொடங்கும்போது தராசைப் படிக்கவே வேண்டாம். பக்கத்தில் தனியாக ஓடும் ஒரு த்ரெட்டில் விட்டு, கிடைத்தால் எடை காட்டு, கிடைக்காவிட்டால் 'தராசு இணைப்பு இல்லை' என்று மெயின் விண்டோவின் ஓரத்தில் காட்டு.

இரண்டாவது தரவுதளம். பின்னறையில் ஒரு கணினி சர்வராகவும் முன்னால் இரண்டு கவுன்டரும் இருக்கும் கடையில், கரண்ட் வந்ததும் கவுன்டர் கணினி முதலில் எழுந்துவிடும். சர்வர் இன்னும் வந்திருக்காது. மைஎஸ்க்யூஎல் தரவுதளத்தோடு இணைக்கும் பைமைஎஸ்க்யூஎல் நூலகத்தின் இணைப்புக் காத்திருப்பு இயல்பாக 10 விநாடி. இரண்டு முறை முயன்றால் 20. இந்த இடத்தில்தான் நிலைமை வரி தன் கூலியைச் சம்பாதிக்கிறது. காத்திருப்பை 3 விநாடியாகக் குறைத்து, ஒவ்வொரு முயற்சியிலும் 'சர்வருக்குக் காத்திருக்கிறது, 2-ஆம் முறை' என்று வரியை மாற்றினால் கல்லாவில் இருப்பவர் எழுந்துபோய்ப் பின்னறையில் பார்ப்பார். வரி மாறுவதே 'செத்துப்போகவில்லை' என்பதற்கு அடையாளம்.

கனமான இம்போர்ட்டுகள் அடுத்தது. அட்டவணைக்கான பாண்டாஸும் வரைபடத்துக்கான மேட்பிளாட்லிப்பும் மாத அறிக்கைக்கு மட்டும் வேண்டும், ஆனால் முதல் வரியிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். பைத்தான் 3.7 முதல் '-எக்ஸ் இம்போர்ட்டைம்' என்ற விருப்பம் இருக்கிறது. அதோடு நிரலை ஓட்டினால் ஒவ்வொரு மாட்யூலும் எத்தனை மைக்ரோவிநாடி எடுத்தது என்று பட்டியல் போடும். பெரிய எண்களைப் பார்த்து, அந்த இம்போர்ட்டுகளை அறிக்கை ஃபங்ஷனுக்கு உள்ளே தள்ளுங்கள். ஆத்தங்குடிப் பட்டறை நிரல்களில் டிசைன் படங்கள் முழு அளவில் தொடக்கத்திலேயே ஏறுவதும் இதே வகைதான். சிறு படங்களைத் தனியாகச் செய்து வைத்து, டிசைன் பக்கம் திறக்கும்போது ஏற்றினால் போதும்.

மற்ற கருவிகளோடு வைத்துப் பார்த்தால் பைஇன்ஸ்டாலரின் இடம் நடுவில். ஜாவாவில் 2006-இல் வந்த பதிப்பு 6 முதல் ஸ்பிளாஷ் வசதி கூடவே வருகிறது. நிரலோடு போகும் விவரக் கோப்பான மானிஃபெஸ்டில் 'ஸ்பிளாஷ்ஸ்கிரீன்-இமேஜ்' என்று ஒரு வரி போதும். ஜாவா இயந்திரம் எழும்பும் முன்பே படம் வந்துவிடும், அசையும் ஜிஃப்பும் ஏற்கும், முதல் ஸ்விங் விண்டோ தோன்றியதும் தானாக மூடிக்கொள்ளும். மூடும் ஒழுக்கத்தில் ஜாவாதான் முதல். ஆனால் முதல் விண்டோ லாகின் பெட்டியாக இருந்தால் ஸ்பிளாஷ் அங்கேயே போய்விடும்; லாகினுக்குப் பிறகு ஸ்டாக் ஏறும் நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப்பில் படத்தின் பில்ட் ஆக்ஷனை 'ஸ்பிளாஷ்ஸ்கிரீன்' என்று மாற்றினால் முடிந்தது, மிக விரைவு. ஆனால் நிலையான படம் மட்டும், நிலைமை வரி கிடையாது. விஷுவல் பேசிக் டாட்நெட்டில் எழுதிய பழைய பில்லிங்குகளை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அதன் அப்ளிகேஷன் ஃபிரேம்வொர்க் ஸ்பிளாஷுக்குக் குறைந்தபட்சக் காட்சி நேரம் இயல்பாக 2,000 மில்லிவிநாடி. அரை விநாடியில் தயாராகும் நிரலையும் இரண்டு விநாடி காக்க வைக்கும். அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள். லோகோ பார்க்கட்டும் என்று கடைக்காரரை நிறுத்தி வைப்பது மரியாதை இல்லை.

மேக் கணினிக்கு பைஇன்ஸ்டாலர் ஸ்பிளாஷ் வேலை செய்யாது. டிகே தனி த்ரெட்டில் ஓடுவதை அங்கே அனுமதிப்பதில்லை. கடை கவுன்டரில் மேக் பார்ப்பது அரிது என்பதால் நமக்கு இது பெரிய குறை இல்லை. செலவும் இல்லை: பைஇன்ஸ்டாலர் ஜிபிஎல் உரிமத்தில் வந்தாலும், கட்டிய நிரலை விற்கலாம் என்ற விதிவிலக்கு உண்டு. டிகே பயன்படுத்தாத நிரலுக்கு ஸ்பிளாஷ் சேர்த்தால் சில எம்பி கூடும், அவ்வளவுதான்.

ஸ்பிளாஷ் வைத்துவிட்டோம் என்று இரட்டைத் திறப்புப் பூட்டை விட்டுவிடாதீர்கள். நிரல் ஏற்கெனவே ஓடுகிறதா என்று காட்டும் பூட்டான விண்டோஸ் மியூடெக்ஸ் ஒன்றை நிரலின் முதல் வரிகளில், கனமான இம்போர்ட்டுகளுக்கு முன்பே, பெயரிட்டு உருவாக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது நிரல் உடனே ஸ்பிளாஷை மூடி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோவை முன்னால் கொண்டுவந்து, விலகிக்கொள்ளும். பூட்லோடர் பைத்தானுக்கு முன்பே ஓடுவதால் இரண்டாவது முறையும் படம் ஒரு கணம் மின்னத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது.

ஒப்படைக்கும் முன் சோதிப்பதை உங்கள் வேகமான லேப்டாப்பில் செய்யாதீர்கள். கடைக் கணினியையே ரீஸ்டார்ட் செய்து, முதல் திறப்பை மட்டும் கணக்கில் எடுங்கள். இரண்டாவது திறப்பில் கோப்புகள் நினைவகத்தில் இருப்பதால் எல்லாமே வேகமாகத் தெரியும். ஒரு முறை தராசை ஆஃப் செய்து, ஒரு முறை நெட்வொர்க் கேபிளை உருவி, ஒரு முறை பிரின்டரில் பேப்பர் இல்லாமல் திறந்து பாருங்கள். மூன்றிலும் ஸ்பிளாஷ் விலகி, செய்தி முன்னால் தெரிய வேண்டும். கடைசியாக ஐகானை வேண்டுமென்றே நான்கு முறை வேகமாக டபுள் கிளிக் செய்து, டாஸ்க் மேனேஜரில் எத்தனை நிரல் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைக் கோப்பு என்றால் ஒரே நிரலுக்கு இரண்டு ப்ராசஸ் தெரிவது இயல்பு. கோப்புறை என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும்.